கருநீலப் பைகளின் உள்பக்கம்

கருவியின் ஊதா வெளிச்சத்தில் மூன்று கோடுகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். இருபத்து நான்கு வௌவால்களின் எச்சத்திலிருந்து எடுத்த மாதிரிகளை அன்று காலை, மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியிருந்தேன். இருபத்தொரு மாதிரிகளின் கீழே வெறும் இருட்டு. ஏழு, பதினொன்று, பத்தொன்பது என்ற மூன்று எண்களின் கீழே மட்டும், நான் எதிர்பார்த்த அதே உயரத்தில் வெள்ளைக் கோடு. மாதிரிக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றிய குழியைத்தான் அடுத்ததாகப் பார்த்தேன். அதில் கோடு வந்திருந்தால் சோதனையே வீண் என்று அர்த்தம். அது சுத்தமாக இருந்தது.

படத்தை எடுத்துக் கைபேசியில் சேமித்துக்கொண்டேன். அதை யாருக்கு முதலில் காட்டுவது என்று யோசித்தேன். என் ஆய்வை வழிநடத்தும் மேடத்துக்குத்தான் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அம்மாவைத்தான் கைபேசியில் கூப்பிட்டேன்.

"யம்மா, கெடச்சிருச்சு."

"என்னளா கெடச்சிருச்சு?"

"வவ்வால்ல தேடுனேன்லா, அது."

உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் லாரிச் சத்தம். "ஏளா, அது சீக்குல்லா? சீக்கு கெடச்சதுக்கா இப்படிச் சிரிக்க?" என்றாள். ஆனால் சாயங்காலத்துக்குள் மூட்டை தைக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள், தன் மகள் உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டாள் என்று.

மனிதனின் ஈரலைக் கெடுக்கும் வைரஸ்கள் சில உண்டு. அவற்றுக்கு வௌவாலிலும் எலியிலும் மீனிலும்கூட உறவுக்கார வைரஸ்கள் இருக்கின்றன. உலகத்தின் பல மூலைகளில் அவற்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதனிடம் இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, நாளை இன்னொன்று வருமா என்ற கேள்விகளுக்கு அந்த உறவுக்காரர்களிடம் பதில் இருக்கலாம். தூத்துக்குடிக் கரையில் யாரும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. தேடினால் நான் தேட வேண்டும் என்று ஓர் ஆங்காரம் எனக்கு இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றுவரை கைநாட்டு. அப்பா உப்பு ஏற்றும் லாரியில் சுமை தூக்கினார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவருடைய கண் மஞ்சளாகி, வயிறு பானை மாதிரி வீங்கி, கால் இரண்டும் கனத்து, இறந்துபோனார். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஏரலில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். ஒரு சோதனையும் நடக்கவில்லை. தெரு முழுக்க ஒரே பேச்சு: "குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டான்." அப்பா குடிக்க மாட்டார். டீக்கடையைத் தாண்டி ஒரு கடைக்கும் போகாதவர். ஆனால் அதைச் சொல்லச் சொல்ல ஊர் சிரித்தது. பிறகு அம்மா சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம், ஒரு சொட்டு குடிக்காதவனின் ஈரலையும் ஒரு வைரஸ் அப்படியே ஆக்கும் என்று பாடத்தில் படித்தேன். அந்தப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

வௌவால்களைப் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சங்குக் கிட்டங்கியில் பிடித்தோம். முத்துக்குளித்துறையில் சங்கு எடுத்த நாட்களில் மலைபோலக் குவித்து வைத்த இடம். இப்போது கூரை பாதி போய்விட்டது. மீதிப் பாதியின் இருட்டில் பூச்சி தின்னும் வௌவால்கள் தொங்கும். வனத்துறை அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், பொழுது சாயும் நேரத்தில் வாசலுக்குக் குறுக்கே மெல்லிய வலையைக் கட்டுவோம். அவை வெளியே கிளம்பும்போது வலையில் விழும். ஒவ்வொன்றையும் எடுத்துத் தனித்தனித் துணிப்பையில் போட்டுச் சிறிது நேரம் தொங்கவிட்டால் பைக்குள்ளேயே எச்சமிடும். பிறகு வாயில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எச்சில் எடுத்துவிட்டுப் பறக்க விட்டுவிடுவோம். எச்சத்தைப் பைக்குள்ளிருந்து இடுக்கியால் பொறுக்கிக் குப்பியில் போடுவது நான்.

கிட்டங்கிக் காவலாளி முதல் நாளே கேட்டார். "கடல்ல மீனில்லன்னு இப்ப ஆகாசத்துல வல போட ஆரம்பிச்சிட்டியளா?"

"ஆமா அண்ணாச்சி. விலை நல்லா வரும்."

"வரும் வரும். இந்த நாத்தத்துக்கே தனியா ஒரு விலை போடலாம்."

கடையில் வாங்கிய பைகளில் ஒரு தொல்லை இருந்தது. தையலின் நூல் பிசிறெல்லாம் உள்பக்கம் இருக்கும். வௌவாலின் கட்டைவிரல் நகம் அதில் சிக்கிக்கொள்ளும். ஒரு முறை சிக்கியதை எடுக்கும்போது நகம் பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா கேட்டுவிட்டு, "பையைக் கொண்டா இங்கன" என்றாள். அவள் உப்பு மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைப்பவள். இருபது வருடமாக அதே வேலை. கருநீலப் பருத்தித் துணி வாங்கி, தையல் முழுக்க வெளிப்பக்கம் வருமாறு இருபத்து நான்கு பைகளையும் புதிதாகத் தைத்துவிட்டாள். உள்ளே கைவிட்டுப் பார்த்தால் பட்டு மாதிரி இருந்தது. மேடம் பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்டார். "எங்கம்மா தைச்சது மேடம்" என்று சொன்னேன். அந்த வாரம் அதைவிடப் பெருமையாக வேறெதையும் சொன்னதாக நினைவில்லை.

பைகளை ஆய்வகத்தில் நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமிநீக்கம் செய்தேன். பையின் வாயைச் சுருக்கும் கயிறு நைலான். அது அந்தச் சூட்டில் சுருண்டுபோய்விட்டது. மறுநாள் வௌவால் பிடிக்கப் போக வேண்டும். பைகளை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா நைலானை உருவிப் போட்டுவிட்டுப் பருத்தி நாடா கோத்து, வாய் ஓரத்தில் நான்கு தையல் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். நான் நோட்டில் எழுதினேன்: "பைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை." அது உண்மைதான். அதற்குப் பிறகு அவை எங்கே போய் வந்தன என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அம்மா கை பட்டால் என்ன ஆகிவிடப்போகிறது?

கோடு வந்த மூன்று மாதிரிகளின் மரபணு வரிசையும் பத்து நாளில் வந்தது. கணினியில் ஏற்றி, உலகத்தில் ஏற்கனவே தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டேன். வேறு நாடுகளின் வௌவால்களில் கிடைத்தவை மனிதனின் மஞ்சள்காமாலை வைரஸிலிருந்து ரொம்பத் தூரம் விலகியிருக்கும். என்னுடையது மனித வைரஸை ஒட்டி வந்து நின்றது. ஒட்டி என்றால், அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை. ஒரே ஆளின் இரண்டு புகைப்படங்கள் மாதிரி.

நான் துள்ளிவிட்டேன். மேடம் துள்ளவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் வராது. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மனுஷ வைரஸ்ம்மா."

"மனுஷ வைரஸுக்கு ரொம்ப நெருங்கின வவ்வால் வைரஸா இருக்கலாமே மேடம்? அப்படி இருந்தா பெரிய விஷயம் இல்லையா?"

"ரொம்பப் பெரிய விஷயம். அதனாலதான் நம்ப மாட்டேங்கிறேன்."

காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் ஓட்டும் செயற்கை மரபணுத் துண்டு தெறித்து விழுந்திருக்குமா? இல்லை. அதில் நாங்களே ஓர் அடையாளம் செருகி வைத்திருக்கிறோம், என் வரிசையில் அது இல்லை. ஆய்வகத்தில் மனித ரத்தம் இருக்கிறதா? இல்லை. ரசாயனத்தில் கலப்படமா? தண்ணீர்க் குழி சுத்தம். ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கடைசியில் ஒன்றை மட்டும் அடிக்காமல் பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"எச்சத்தப் பொறுக்கினது, அரைச்சது எல்லாம் நீதானே?"

"ஆமா."

"உனக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும்."

"சேரும்போதே தடுப்பூசி போட்டுட்டேன் மேடம்."

"ஊசிக்கு முன்னாடியே இருந்திருந்தா ஊசி ஒண்ணும் செய்யாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். தாயிடமிருந்து பிறக்கும்போதே வரலாம் என்றும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வந்தது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிக் கேட்பாரா என்று நினைத்தேன். அது அநியாயமான நினைப்பு. அவர் யாரைக் கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் கேட்டிருப்பார். ஆனால் உப்பளத்திலிருந்து வந்தவளுக்குச் சில சமயம் எல்லாக் குரலும் ஒரே மாதிரி கேட்கும்.

அடுத்த வியாழக்கிழமை என் ஆய்வுக்குழுக் கூட்டம். வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். இந்த மூன்று கோடுகளைக் காட்டத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியின் நிறத்தைப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள். வேலை என்றேன்.

முடிவு வந்தது. எனக்கு வைரஸ் இல்லை. தடுப்பூசியின் பாதுகாப்பு நிறைய இருந்தது. காகிதத்தை மேடத்தின் மேசையில் வைத்தேன், கொஞ்சம் பலமாகவே வைத்தேன் போலிருக்கிறது. பேனா உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுத்துக்கொண்டார்.

"சந்தோஷம்" என்றார். நிஜமாகவே சொன்னார். பிறகு, "அந்த மூணு வவ்வாலோட வாய்ப் பஞ்சையும் ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். வரல."

"மத்த இருபத்தொண்ணுல?"

"அதுலயும் இல்ல."

"வாயில இல்ல, எச்சத்துல மட்டும் இருக்கு. எச்சத்த எங்கேருந்து எடுத்த?"

"பையிலேருந்து."

"பை?"

"கிருமிநீக்கம் பண்ணினது மேடம்."

சொல்லி முடித்ததும் என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "நோட்டப் பாத்துட்டு நாளைக்கு வா" என்றார். நோட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தச் சுருண்ட நைலான் கயிறு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனபோது நான்கு மணி இருக்கும். நாங்கள் இருப்பது லைன் வீடு, ஒரே அறை. அம்மா மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து அடுத்த முறைக்கான பைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே தைத்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களுக்குப் பகலில் துணி சுற்றிக்கொள்வாள். ஊசி பிடிக்கும்போது அதை அவிழ்த்துவிடுவாள், பிடி கிடைக்காது என்று. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

ஊசி கட்டைவிரலில் ஏறியது. அம்மா "ஸ்ஸ்" என்றாள். வாயில் வைக்கவில்லை. சேலையில் துடைக்கவில்லை. கண் வேறெங்கோ இருக்க, கை தானாகப் பையைத் திருப்பி, அதன் உள்பக்கத்தில் விரலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி வெளிப்பக்கத்தைத் திருப்பித் தைக்க ஆரம்பித்தது.

"யம்மா, என்ன பண்ணுத?"

"பாத்தா தெரியல?"

"இப்ப வெரலத் தொடச்சியே."

"குத்திருச்சுளா. தொடைக்காம என்ன செய்ய?"

"ஏன் உள்ள தொடைக்க?"

இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "வெளிய கறை பட்டா கங்காணி மூட்டையத் திருப்பி எறிவாரு. உள்ள தொடைச்சா யாரு பாக்கா? எல்லாரும் அப்படித்தான் தைப்போம்."

நான் பையை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பிடித்தேன். கருநீலத் துணியில் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தபோது ஓரிடம் மட்டும் லேசாக மினுங்கியது, ஈரம் காயாமல்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பித்தேன் என்று இப்போது நினைவில்லை. பையில் இருந்தது வௌவாலுடையது இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னேன். ரத்தத்தில் இருக்கும் ஒன்று, காய்ந்த பிறகும் எங்கள் சோதனையில் தெரியும் என்று சொன்னேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே ஒழிய, ஒரு பேச்சு எங்கே போய் முடியும் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

"எனக்குச் சீக்குங்கியா?"

"தெரியல. ரத்தம் குடுத்தாத்தான் தெரியும்."

"எனக்கு ஒண்ணுமில்ல. காலைல நாலு மணிக்கு எந்திச்சு மூட்ட தைக்கேன். சீக்குக்காரி தைப்பாளா?"

"இது வெளிய தெரியாது யம்மா. வருசக்கணக்கா உள்ளயே இருக்கும்."

"இருந்துட்டுப் போட்டும்."

"யம்மா."

"ஏளா, சும்மா இரி." ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அளத்துல ஒருத்திக்கு மஞ்சக்காமாலைன்னு தெரிஞ்சு என்ன செஞ்சாங்க தெரியுமா? அவ குடிச்ச டம்ளரத் தனியா வச்சாங்க. அடுத்த வாரம் வேலைக்கு வராதன்னுட்டாங்க. ஒங்கப்பன் செத்து இத்தன வருசம், இன்னும் என் காதுபடச் சொல்லுதாங்க, குடிகாரன் பொண்டாட்டின்னு. நானும் மஞ்சளாப் போனா என்ன சொல்லுவாங்க? புருசனும் பொண்டாட்டியும் சேந்து குடிச்சாங்கன்னு சொல்லுவாங்க."

அந்த நேரத்தில் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. உனக்கு இது இருந்தால் அப்பாவுக்கும் இதுதான் இருந்தது, அவர் குடித்துச் சாகவில்லை, காகிதத்திலேயே எழுதி வாங்கித் தருகிறேன், தெருவில் ஒட்டுவோம் என்று சொன்னால் போதும். உடனே கிளம்பியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அப்பாவின் ரத்தம் ஒரு சொட்டுகூட எங்கும் இல்லை. அம்மாவுக்கு அவரிடமிருந்து வந்திருக்கலாம். வேறெங்கோ போட்ட ஊசியிலிருந்தும் வந்திருக்கலாம். அவர் எதனால் இறந்தார் என்று இனி எந்தக் காகிதமும் சொல்லாது. இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு அந்த மாதத்தில் ஏற்கனவே ஒரு முறை துள்ளியிருந்தேன்.

"அப்பாவுக்கு இதுதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது" என்றேன். "வந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா உனக்கு இருந்தா, இப்பவே தெரிஞ்சா, மாத்திர இருக்கு. அப்பாவுக்கு நாம ஒண்ணுமே பாக்கல. உனக்குப் பாக்கணும்."

அம்மா ஊசியை உருவி, மிச்ச நூலைச் சுற்றி, டப்பாவில் வைத்து மூடினாள். மூடியை இரண்டு முறை அழுத்தினாள்.

"வந்திருக்கலாமா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கலாம்."

"படிச்சவ நீ. நீ அப்படிச் சொன்னா அது பெரிசுதான்." எழுந்து தண்ணீர் குடித்தாள். "எப்பப் போணும்?"

மறுநாள் காலை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பை வீட்டுக்குப் போனது, நாடா மாற்றியது, நோட்டில் எழுதாமல் விட்டது. அவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். "நீயே எழுது, இன்னைக்குத் தேதி போட்டு." எழுதினேன். என் கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் சின்னப்பிள்ளையின் கையெழுத்துப் போல இருக்கும். பிறகுதான், "அம்மாவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நம்ம லேப்ல பண்ணாத. மனுஷங்களுக்கு அங்கதான் பண்ணணும்" என்றார்.

அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குப்பி நிறைவதையே பார்த்தாள். பஞ்சை எடுத்து அழுத்திக்கொண்டு, "இத எங்க போட?" என்று செவிலியிடம் கேட்டாள். மஞ்சள் கூடையைக் காட்டினார். எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

முடிவு வாங்கப் போனது புதன்கிழமை. வியாழக்கிழமைதான் என் கூட்டம். வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல. நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன். இருக்கிறது என்று போட்டிருந்தது. நிறையவே இருக்கிறது. எத்தனையோ பேருடைய இப்படிப்பட்ட காகிதங்களைப் பாடத்தில் பார்த்திருக்கிறேன். அம்மாவின் பெயர் தலையில் இருக்கும் காகிதத்தைப் படிக்க எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை.

வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார், ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது, ஆரம்பம்தான், தினம் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது. இன்னும் சில வருடம் கழித்து வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். அம்மா இரண்டே கேள்விகள் கேட்டாள். முதலில், "நா தைச்ச சாக்கால யாருக்கும் வந்துருக்குமா டாக்டர்?" அப்படிச் சாக்கால் பரவுவதாகத் தெரியவில்லை, ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான், தம்ளரால் பரவவே பரவாது, இருந்தாலும் இனிமேல் விரலைக் கட்டிக்கொண்டு தையுங்கள் என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏளா, அந்த வவ்வாலுக்கு எங்கிட்ட இருந்து ஒட்டிருக்குமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒட்டாதுன்னுதான் நினைக்கேன்."

"நினைக்கேன்னா?"

"யாரும் வவ்வால்ட்ட கேட்டுப் பாக்கலம்மா."

"பாவம்" என்றாள், "பட்டுப் போல பை தைச்சுக் குடுத்தேன்னு நினைச்சேன்."

வியாழக்கிழமை கூட்டத்தில் மூன்று கோடுகளையும் காட்டினேன். காட்டிவிட்டு, இவை வௌவாலின் வைரஸ்கள் இல்லை, மனித ரத்தத்திலிருந்து வந்தவை என்று சொன்னேன். கிருமிநீக்கத்துக்குப் பிறகு பைகள் தைக்கப்பட்டன, தைத்தவரின் ரத்தம் பையின் உள்ளே பட்டது, அதை நான் குறித்துவைக்கவில்லை, தவறு என்னுடையது. வெளியூர்ப் பேராசிரியர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"யார் தைச்சது?"

மேடம் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னவள் நான்.

"அது ஒருத்தரோட உடம்பு விஷயம் சார். சொல்ல மாட்டேன்."

"ஆய்வுக்கு அது அவசியம் இல்லையா?"

"ரத்தம் பையில இருந்துச்சுங்கறதுதான் ஆய்வுக்கு அவசியம். அதச் சொல்லிட்டேன்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லி, ஆறு மாதம் கொடுத்தார்கள்.

அடுத்த பைகளையும் அம்மாதான் தைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல்களில் துணி சுற்றி, மேலே கையுறை போட்டு, முனகிக்கொண்டே தைத்தாள். நாடா ஆரம்பத்திலிருந்தே பருத்தி. தைத்து முடித்த பிறகு நீராவி, நீராவிக்குப் பிறகு நான் முத்திரையிட்டு மூடிய உறை, அதைக் கிட்டங்கி வாசலில்தான் பிரித்தேன். நோட்டில் இந்த வரிசையிலேயே எழுதினேன். முதல் சுற்றில் இருபத்து நான்கும் வெறும் இருட்டு. இரண்டாம் சுற்றிலும் அப்படித்தான். கிட்டங்கிக் காவலாளி, "இன்னும் விலை படியலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் சுற்றில் ஒன்று வந்தது. மங்கலான கோடு. நான் படம் எடுத்தேன், யாரையும் கூப்பிடவில்லை. எச்சத்தில் மட்டுமல்ல, அதே வௌவாலின் வாய்ப் பஞ்சிலும் இருந்தது. வரிசை வந்தபோது அது மனிதனுடையதிலிருந்து வெகுதூரம் விலகி, வேறு நாட்டு வௌவால்களில் கிடைத்தவற்றின் பக்கம் போய் நின்றது, ஆனால் அவற்றோடும் ஒட்டவில்லை. தூரத்துச் சொந்தம். மேடம் அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, முழு வரிசையையும் படிக்க வேண்டும், அதற்கு முன் வாயைத் திறக்காதே என்றார்.

அந்த வாரம்தான் அம்மாவுக்கு மூன்றாம் மாதப் பரிசோதனை. அதே ஆஸ்பத்திரி, அதே வரிசை, அம்மா அதே நல்ல சேலையில். வைரஸ் குறைந்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும். எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களின் வெடிப்பை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத் தாங்காமல்தான் மேடம் சொல்லக் கூடாது என்றதை அவளிடம் சொன்னேன்.

"யம்மா, ஒண்ணு கெடச்சிருக்கு."

இந்த முறை சிரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். "இது யாருது?"

"வவ்வாலோடதுதான்."

"நிச்சயமா?"

"மூணு தடவ பாத்துட்டேன்."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் காகிதத்தை வாங்கி வந்து, பிரிக்காமல் என் கையில் கொடுத்தாள். எண்ணைப் பார்த்தேன். முதல் காகிதத்தில் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தேன். நிறையக் குறைந்திருந்தது. "கொறஞ்சிருக்கு யம்மா, நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொரு தடவ பாரு," என்றாள். "இதையும் அந்த வவ்வாலோடதையும். ரெண்டையும்."